பூட்டும்முன் ஒரு குரல்

“மூடுறதுக்கு முன்ன ஒரு குரல் குடுங்க, அண்ணாச்சி. உள்ள ஆள் உண்டான்னு கேளுங்க.”

கேட்டுவிட்டேன். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். திருவனந்தபுரத்தில் எந்தக் கடைக்காரரும் ஷட்டரை இழுக்கும்முன் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பார். எங்கள் பல்கலைக்கழகக் கூட்டுறவுப் புத்தகக் கடையை மட்டும் சத்தமில்லாமல் பூட்டுவார்கள்.

விற்பனையில் மூத்தவர் கோலப்பன் அண்ணாச்சி. சாவியை என் கையில் திணித்தார்.

“வெள்ளிவிழா மலருக்குக் கடைச் சரித்திரம் எழுதச் சொன்னா அத எழுது, பிள்ளே. நாளைக்கு செக்ரட்டரி உன்னப் பெர்மனென்ட் ஆக்குவாரு. இதக் கிண்டாத, கேட்டியா?”

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா சாலைக் கடைத்தெரு ஓட்டலில் மாவாட்டுகிறார். இந்த வேலை போனால் நானும் அங்கே இலையெடுக்க வேண்டியதுதான்.

ஸ்டாக் ரூமில் தரையெல்லாம் புத்தகம் என்பதால் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவோம். அங்கே ஒரு பழைய ஜோடி எப்போதும் கிடக்கும். யாரும் தொடமாட்டார்கள். அன்று என் செருப்பும் அதன் பக்கத்தில் கிடந்தது.

“அந்தச் செருப்பு யாருது?”

“செண்பகவல்லி,” என்றார் மெதுவாக. “உன்ன மாதிரி டெம்பரரி. ஸ்ட்ரைக் தொடங்கின அன்னைக்குக் கல்லு விழுந்துது. எல்லாரும் போயாச்சுன்னு பூட்டிட்டு ஓடினோம். ஸ்ட்ரைக் தீந்த பொறவுதான் தொறந்தோம்.”

“குரல் குடுக்கல்லியா?”

“அன்னைக்கு இல்ல. பொறவு தெனமும் குடுத்தோம்.”

“பொறவு?”

“பதில் வந்துது.”

“சரித்திரத்துல அவ பேரு வரக்கூடாது. அதானே?”

அவர் வெளியே போய் நின்றார்.

மழை இருட்டில் கரண்டும் போயிற்று. ஈரக் காகித வாடை. கரையான் மண்ணின் வாடை. அதற்கடியில் வாடிய பிச்சிப்பூ.

நான் உள்ளே திரும்பிக் கேட்டேன்.

“ஆள் உண்டா?”

மழை மட்டும்.

அலமாரிகளுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“உண்டு.”

ஏச்சு விழுமோ என்று பயந்த குரல். டெம்பரரியின் குரல். என் குரல் மாதிரியே இருந்தது.

“பூட்டு, பிள்ளே,” வெளியிலிருந்து கோலப்பன் கெஞ்சினார். “பூட்டலேன்னா நாளைக்கு நீ வரவே வேண்டாம்.”

சாவியைக் கவுண்டரில் வைத்தேன்.

செருப்பு மாட்டப் போனேன். என்னுடையது மட்டும் தனியாகக் கிடந்தது.

ஷட்டரைத் தொடாமல் மழையில் இறங்கினேன். கோலப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு சுவரோடு ஒட்டி நின்று, யாருக்கோ வழிவிட்டார்.