டிராயரைப் பூட்டினால் பூக்கும் கொடி

செடியைத் தொடாமல், ஒரு துளி உரம் போடாமல், ஒரு டிராயரைப் பூட்டியே பூக்காத கொடியைப் பூக்க வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் பிடித்த திருட்டு மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் நிலாவுக்கே விளக்குப் போட்டிருக்கலாம் என்பது அவருடைய மைத்துனரின் கணக்கு. மைத்துனர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அழைப்பு மணியைக்கூட அதில் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவார்.

தெருவில் எந்தப் புதிர் என்றாலும் மீட்டர்காரரைத்தான் தேடி வருவார்கள். ஒரு நாள் காலை அப்படி வந்தவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு தடித்த பச்சை இலையை மேஜைமேல் வைத்தாள்.

"இது என்ன செடின்னு தெரியணும் சார். தெரியலைன்னா எங்க அக்கா இனிமே என்கூட பேசமாட்டா."

கொடி அவர்களுடைய அம்மாவுடையது. அம்மா போன பிறகு அக்கா வளர்த்தாள். அங்கே வருடாவருடம் கொத்துக் கொத்தாய்ப் பூத்து, பூவிலிருந்து தேன்கூடச் சொட்டியதாம். அக்கா வெயில் புகாத வீட்டுக்கு மாறியபோது தங்கையிடம் கொடுத்தாள். இங்கே வந்த கொடி ஜன்னலைப் பிடித்துக் கூரைவரை ஏறியது. மொட்டு மட்டும் விடவில்லை. அக்கா பார்த்துவிட்டு, அம்மாவின் செடியைச் சாகடித்து வேறெதையோ வாங்கி வைத்திருக்கிறாய் என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை வருவாளாம்.

யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பெயர். மாடி வீட்டுக்காரர் மணி பிளாண்ட் என்றார். நர்சரிக்காரர் ஆர்க்கிட் என்றார். கணவர் வெற்றிலை என்று நம்பி மென்றுவிட்டு அன்று முழுவதும் துப்பிக்கொண்டே இருந்தார். நம் மைத்துனரோ கண்ணாடி வைத்துப் பார்த்து, பிளாஸ்டிக் என்று தீர்ப்பே எழுதினார். அவர் குனிந்தபோது சட்டைப் பட்டனிலிருந்து ஒரு நூல் தொங்கி இலைமேல் ஆடியது.

அன்றே மீட்டர்காரரும் மைத்துனரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். முன்னறையில் கணவரின் தையல் மெஷின். தையல்கடைதானா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தம். தரையில் ஒரு பிசிறு இல்லை. கொடியிலும் ஒரு காய்ந்த குச்சி இல்லை. ஜன்னல் விளிம்பில் மட்டும் மெழுகு சொட்டி உறைந்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். பூச்சியின் எச்சில் என்றார் மைத்துனர். இலையே இல்லாத நீள வால்கள் சில சமயம் கிளம்பும், பிறகு காணாமல் போகும், எலி வேலைதான் என்றாள் அவள். டெய்லரான கணவர், மைத்துனரின் தோளில் கைபோட்டு, தேநீர் கொடுத்து, அன்பாக வழியனுப்பினார்.

தெருவுக்கு வந்ததும் மீட்டர்காரர் நின்றார். "மாப்ள, காலைல உன் பட்டன்ல ஒரு நூல் தொங்கிச்சே, எங்க?"

மைத்துனர் குனிந்து தேடினார். நூல் இல்லை. "விழுந்திருக்கும் மாமா" என்றார் குழப்பத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலருகே எல்லோரும் கூடினார்கள். அக்கா உட்காரவே இல்லை.

"எலி கடிச்சா நுனி நைஞ்சிருக்கும்" என்று ஆரம்பித்தார் மீட்டர்காரர். "இங்க எல்லாமே நேரான வெட்டு. வெட்டினா பால் வடியற கொடி இது, அதான் ஜன்னல்ல வெள்ளைப் புள்ளி. தடிச்ச இலை, பாலு, தேன் சொட்டற கொத்துப் பூ, மூணையும் சேத்துப் பாத்தா இது மெழுகுப்பூக் கொடி. அந்த மொட்டை வால்லதான் பின்னால இலையும் பூக்காம்பும் வரும். பூ உதிர்ந்தாலும் காம்பு நிக்கும், அடுத்த வருஷமும் அதே காம்புலதான் பூக்கும். அதைப் போய் பிசிறுன்னு நெனச்சு தினம் நறுக்கினா செடி என்ன பண்ணும்?"

எல்லோரும் டெய்லரைப் பார்த்தார்கள். டெய்லர் தன் கையைப் பார்த்தார்.

"தொங்கறதப் பாத்தா கை சும்மா இருக்காது சார். இந்த சாரோட சட்டை நூலக்கூட நான்தான்..."

மெஷின்மேல் கிடந்த நூல் வெட்டும் கத்தரியின் ஆணியில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. மீட்டர்காரர் அதை மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை அக்காவிடம் நீட்டினார். "இது உங்ககிட்ட இருக்கட்டும். பூக்கும்."

"டிராயரைப் பூட்டினா செடி பூக்குமா? நல்லா இருக்கு கதை" என்றாள் அக்கா. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டாள். டெய்லருக்குப் புதுக் கத்தரி ஒன்று வாங்கி மெஷின் காலோடு கயிற்றில் கட்டினார்கள். கயிறு ஜன்னலுக்கு எட்டாது.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள் என்று அக்கா வந்தாள். ஜன்னலில் மெழுகில் செய்ததுபோல் இளஞ்சிவப்பு நட்சத்திரங்கள், ஒரே கொத்து. நான் சொல்லும்போது பூசணிக்காய் அளவு என்பேன், உண்மையில் உள்ளங்கையில் அடங்கும்.

அக்கா ஜன்னலருகே போனாள். விரல் நுனியால் ஒரு தேன் துளியைத் தொட்டு, சிறுமியாக இருந்தபோது செய்ததுபோல் நாக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து மூடினாள்.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும்டி, உன் வீட்டுக்காரரை நம்ப முடியாது" என்றாள் தங்கையிடம். "அந்த மனுஷன் சொன்னப்ப பைத்தியம்னுதான் நெனச்சேன். டிராயரைப் பூட்டினதுக்குப் பூத்துடுச்சு. அம்மாவோடதுதான்."