கண்ணைப் பார்க்காத வியாபாரி

மழை என்றால் அப்படி ஒரு மழை. மேலே யாரோ மொத்தக் குழாயையும் திறந்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார்கள்...

சிறைப் பட்டறைக்காகத் தைத்த ஏப்ரன் மூட்டையோடு சிறைச்சாலைக்கு வந்த தையல்காரி, கொடுத்த கையோடு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அங்கே பழங்குடிக் கைதிகளுக்குச் சொந்தத் தொழில் பயிற்சி. அன்று கடைசித் தேர்வு. வெளியாள் ஒருவரிடம் சரக்கை விற்றுக் காட்ட வேண்டும். வரவேண்டிய கடை முதலாளியோ மழையில் மாட்டிக்கொண்டார்.

பயிற்சி சார் அவளைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதாம்மா இன்னைக்கு கஸ்டமர். நீங்க வாங்குறேன்னு சொன்னா இவன் பாஸ். பாஸானாதான் வெளிய போனதும் சந்தையில கடை கிடைக்கும்."

எதிரே கையில் முக்காலியோடு நின்றான் மரவேலைக்காரன். தோள்களா அவை... இரண்டு கதவைக் கழற்றி மாட்டியது போல. இமைகளோ ஒரு தெருவுக்கே நிழல் தரும். ஆனால் நிமிரத்தான் காணோம்.

"உறுதியா இருக்குமா?"

"இருக்கும்ங்க" என்றான், அவள் செருப்பிடம்.

"ஆடாதே?"

"ஆடாதுங்க." மறுபடியும் செருப்பிடம்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் ஊசி கோக்க உட்கார்ந்தால், அவள் கண்களைப் பார்த்து நூலே வெட்கப்பட்டு உள்ளே நுழைந்துவிடும். அப்படிப்பட்ட கண்களை ஒருத்தன் பார்க்கவே மாட்டேன் என்றால்...?

"முகத்தைப் பாத்துப் பேசாத ஆள்கிட்ட நான் வாங்க மாட்டேன் சார்."

அவன் முக்காலியைக் கீழே வைத்தான். பேசியது பக்கத்திலிருந்த கைதி. அவருக்குப் பட்டப்பெயர் ரேடியோ, அணைக்கவே முடியாது.

"தங்கச்சி, எங்க சனத்துல புது மனுசங்களைக் கண்ணுக்கு நேரா பாக்க மாட்டோம். அது மரியாதை. வீட்டு ஆளைத்தான் அப்படிப் பாப்போம். சாரும் 'நிமிந்து பாரு'ன்னு தொண்டை காயக் கத்திட்டாரு. இவன் கழுத்து கேக்க மாட்டேங்குது."

அவள் முகம் சூடாகிவிட்டது. ஐயோ, மரியாதையையா திமிர் என்று நினைத்தேன்? ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது... பறிபோகும் அவன் கடை ஒரு பக்கம் இழுத்தது. சட்டென்று அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"சரி, என் செருப்புக்கே வித்துக் காட்டுங்க. எனக்கும் காது இருக்கு."

அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "மெஷின் மிதிக்கிற கால்னு செருப்போட தேய்மானமே சொல்லுதுங்க. இந்த உயரத்துல உக்காந்தா முதுகு வலிக்காது. வலிச்சா கொண்டாங்க, காலை அறுத்துத் தரேன்... முக்காலிக் காலை."

அவள் சிரித்த சிரிப்பில் மழையே ஒரு நொடி நின்று கேட்டது. "வாங்கிக்கிறேன் சார்" என்றாள்.

மழைக்காலம் ஓய்ந்து, வெயில் வந்து, அவனும் விடுதலையாகி வெளியே வந்தான். சந்தையில் அவன் கடை. முதல் வாரமே முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"முதுகு வலிக்குது."

"பொய்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணுலயே தெரியுதே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நேராக... இமைக்காமல்...

"ஒரு சண்டையில கை ஓங்கித்தான் உள்ள போனேன். தப்பு என்னோடது. அதையும் சொல்லித்தான் உங்க வீட்டுல வந்து உங்களைப் பொண்ணு கேக்கணும்" என்றான் மெதுவாக. "அங்கயும் நான் தரையத்தான் பாப்பேன். யாரும் தப்பா நினைச்சுக்கக் கூடாது..."

இப்போது தரையைப் பார்த்தவள் அவள்.

"வீட்டுல நான் சொல்லிக்கிறேன்" என்றாள். "நீங்க இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க."