அடிக்காமல் விழுந்த அரக்கன்

அக்கா மகள் காலையிலேயே வந்து கதவைத் தட்டியபோது, மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். என்ன விஷயம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. பிள்ளையின் முகம் தொங்கிக்கிடந்தது, அவருக்கு அது போதும்.

பிள்ளை என்றாலும் வயது இருபத்தெட்டு, எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர். வீட்டில் வைத்த ‘வாண்டு’ என்ற பெயர் மட்டும் வளரவே இல்லை. அத்தை இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளைத் துருவியவர். மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு அவர் பின்னாலேயே ஓடும் சம்பளமில்லாத உதவியாளர்தான் மாமா.

“யாருமே அடிக்காம அரக்கன் விழறான் அத்தை” என்றாள் வாண்டு.

அவள் வேலை பார்க்கும் கேளிக்கைப் பூங்காவில் பெரிய அரக்கன் பொம்மை ஒன்று உண்டு. குழந்தைகள் பஞ்சுப் பந்தால் அவனை அடிப்பார்கள். தோலுக்குப் பின்னால் நாணயம் அளவிலான உணரிகள் ஒவ்வொரு அடியையும் எண்ணும். அடிக்கு ஒரு ‘ஐயோ’, முப்பது சேர்ந்தால் மண்டியிட்டு விழுவான். மூன்று வயதுக் குழந்தை எறிந்தாலும் அவனுக்குத் தெரியவேண்டும் என்று வாண்டு இரண்டு வருடம் மாய்ந்து மாய்ந்து செய்தது.

“பக்கத்துல ரோலர் கோஸ்டர் ஓடுது. அந்த அதிர்வு ஏறக்கூடாதுன்னு பாதத்துக்குக் கீழ ரப்பர் வச்சிருக்கேன். ஆறு மாசமா ஒழுங்கா இருந்தான். திங்கக்கிழமை லீவு. செவ்வாய்க்கிழமையிலேருந்து இப்படி. உணர்வைக் குறைச்சிடுன்னு மேனேஜர் சொல்றாரு. குறைச்சா சின்னப் பசங்க அடிக்கிறது தெரியாது. எறிஞ்சிட்டு அவன் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாங்க. இன்னிக்கு நாலு மணிக்குள்ள சரியாகலன்னா எல்லாத்தையும் கழட்டிட்டு, அமுக்கினா விழற மாதிரி பட்டன் வச்சிடுவாராம்.”

அத்தை செய்தித்தாளை மடித்து வைத்தார்.

பூங்காவில் அரக்கனுக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ரோலர் கோஸ்டர் இரைச்சலோடு கீழிறங்கியது. கோப்பையில் தேநீர் நடுங்கியது. அரக்கன் ஏதோ முனகிவிட்டுத் தொபுக்கென்று மண்டியிட்டான்.

“குரலே கேக்கலையே” என்றார் அத்தை.

“சனிக்கிழமையே நோட்டுல எழுதினேன். இவரு ஒண்ணும் செய்யல” என்று வாண்டு, அரக்கனின் குரலைப் பார்த்துக்கொள்ளும் ஒலிக்காரரைக் காட்டினாள்.

“நான் பாக்கும்போதே டிக் போட்டிருந்துச்சும்மா. வேலை முடிஞ்சிருச்சுன்னு விட்டுட்டேன்” என்றார் அவர்.

மாமா மனைவியின் காதைக் கடித்தார். “புளுகுறான். ஆரம்பத்துலேருந்தே பட்டன் போதும்னு சொன்னவன் இவன்தானாம். கேஸ் முடிஞ்சது.”

“நோட்டைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.”

பூங்காவில் எல்லோருக்கும் பொதுவான வேலை நோட்டு அது. வாண்டின் கையெழுத்தில் ஒரே வரி: ‘அரக்கன்: அடி லேசாக இருக்கிறது. பலமாக்கவும்.’ பக்கத்தில் தடித்த பென்சிலில் டிக். அத்தை ஒலிக்காரரின் சட்டைப்பையைப் பார்த்தார், இரண்டு பேனாக்கள். பிறகு மேலாளரை அழைத்து, கூடவே தச்சரையும் வரச்சொன்னார். தச்சரின் காதில் தடித்த பென்சில் செருகியிருந்தது.

“டிக் இருக்கு, ஆனா குரல் அப்படியேதான் இருக்கு” என்றார் அத்தை. “அப்ப வேற ஏதோ வேலை நடந்திருக்கு. வாண்டுக்கு அடின்னா பந்து படறது. அந்தச் சத்தத்தைப் பலமாக்கச் சொல்லியிருக்கா. தச்சருக்கு அடின்னா கீழ்ப்பக்கம். அண்ணே, திங்கக்கிழமை நீங்க வந்தீங்களா?”

“வந்தேம்மா. அடி லேசா இருக்குன்னு எழுதியிருந்துச்சு. பசங்க மேல சாஞ்சுட்டா என்ன ஆகறது? ரப்பரை எடுத்துட்டு, போல்ட் போட்டுத் தரையோட இறுக்கிட்டேன்.” அவர் வாண்டைப் பார்த்தார். “உனக்குக் கெட்ட பேர் வந்துடக்கூடாதேன்னுதான் லீவு நாள்லயும் வந்தேன்.”

வாண்டுக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? தன் வேலை போல நினைத்து ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். “நான்தான் தெளிவா எழுதல அண்ணே” என்றாள். மாமா அசடு வழிந்தார். ஒலிக்காரருக்கு ஒரு கண்ணாடி இலவசம் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார்.

மூன்றரைக்குப் போல்ட்டுகள் கழன்று ரப்பர் மறுபடி ஏறியது. ஒலிக்காரர் குரலையும் கூட்டிவைத்தார். ரோலர் கோஸ்டர் வந்தது, போனது. அரக்கன் அசையவில்லை.

“சரி, அடிச்சா தெரியுமா?” என்றார் மேலாளர்.

வரிசையின் முதலில் நின்ற குட்டிப் பெண் இரண்டு கையாலும் பந்தைத் தள்ளினாள். அது எறிந்ததாகவே சொல்லமுடியாது. பந்து அரக்கனின் முழங்காலை உரசிவிட்டு உருண்டது.

“ஐயோ” என்று அவன் அலறினான். குழந்தை தன் கையைப் பார்த்துக்கொண்டது, பிறகு அம்மாவைப் பார்த்தது.

“அம்மா, நான் அடிச்சது அவனுக்குத் தெரிஞ்சிருச்சு.”

வாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மேலாளர் பட்டன்கள் இருந்த பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனார்.