எதிர்வீட்டு வேல்முருகன்

"ஏன் சித்ரா, உனக்கு வாய்ல நாக்கு இருக்குதா, இல்ல வெறும் பல்லு மட்டும்தானா?"

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் கேட்ட கேள்வி அது. வகுப்பே சிரித்தது. சித்ராதேவி தலைகுனிந்து நின்றாள். மறு வருடம் பள்ளிக்கே போகவில்லை. அதற்கும் எட்டு வருடம் ஆகிவிட்டது...

வாய்தான் பேசாது. கை பேசும். பனியனில் அச்சடிக்கிற பூ, புலி, பறவை எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வரைவாள். சென்னையில் ஒரு டிசைன் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை தருவதாகச் சொல்லி ஆன்லைனில் ஒரு டெஸ்ட் வைத்தது. புலிக்கு வால் போடுவதற்குள் நெட் போய்விட்டது. கெஞ்சி மெயில் போட்டதில் இன்னொரு தடவை எழுதச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுவே கடைசி.

"அதும் போச்சுன்னா இந்தக் கம்ப்யூட்டரு பொட்டிய வித்துப்போட்டு எங்கூட பனியன் கம்பெனி செக்கிங் டேபிளுக்கு வந்துரு கண்ணு," என்றார் அப்பா சாமியப்பன்.

சாமியப்பன் வாய்க்காரர். ஒரு வார்த்தை கேட்டால் பத்து வார்த்தை வரும். கரண்ட் பில் என்றால் நூறு வரும். வெளியே கிளம்பும்போது வீட்டிலுள்ள சுவிட்சை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கமாட்டார்.

சித்ரா செய்யாத வைத்தியம் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பின்னறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்த வைஃபை பெட்டிக்கு விபூதிகூட வைத்தாள். கேபிள்காரர் கிட்டுசாமி மூன்று முறை வந்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று தன் செல்லில் பார்த்துவிட்டு, "லைன்ல ஒரு கொறையும் இல்லீங்க" என்று போய்விட்டார்.

அப்புறம்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள்.

எதிர்வீட்டு பைக் ஸ்டார்ட் ஆனால்... நெட் கட். அந்த பைக் திரும்பி வந்தால்... நெட் ரெடி!

புதன்கிழமை காலை. மழை தெருவையே நனைத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரன் பைக்கை உதைக்கப் போனான். சித்ரா குடைகூட எடுக்காமல் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க... உங்க வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்தறீங்களா? அது ஸ்டார்ட் ஆனா எங்கூட்டு நெட் போயிருதுங்க!"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க சொல்லுதீங்க? என் வண்டி பெட்ரோல்லல்லா ஓடுது... நெட்லயா ஓடுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். வகுப்பே சிரித்தது மாதிரி இருந்தது அவளுக்கு. முகம் சிவக்க வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சீ... இவனிடம் போய்ப் பேசினோமே!

மறுநாள் சாயங்காலம் அவனே வாசலில் வந்து நின்றான்.

"சிரிச்சது தப்புதாங்க. ராத்திரி பூரா யோசிச்சேன். வண்டி எடுக்கதுக்கு முன்னாடி நான் எங்க வீட்டு வைஃபைய அணைச்சிட்டுல்லா போவேன்! உங்க வைஃபை பேரு என்ன?"

"வேல்முருகனுங்க..."

"பாஸ்வேர்டு?"

அவள் தயங்கினாள்.

"நான் சொல்லட்டா? அரோகரா!"

சித்ராவின் கண்கள் விரிந்தன.

"கிட்டுசாமி அண்ணாச்சி போட்டுக் கொடுத்தது. எங்க வீட்டுச் சுவத்துல மாதா படம்... வைஃபை மட்டும் வேல்முருகன்! ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. உங்க பெட்டி பீரோவுக்குப் பின்னாடி கெடக்குன்னு அவருதான் சொன்னாரு, சிக்னலு முன்னறைக்கு எட்டாது; எங்க பெட்டி இந்த ஜன்னலுக்கு நேரா இருக்கு. அதான் உங்க கம்ப்யூட்டரு இவ்வளவு நாளா எங்க வீட்டுக்கு வந்து போயிட்டிருக்கு."

"சொல்லாமக்கொள்ளாமயா..." என்றாள் அவள், தன்னையறியாமல்.

"வந்தா வரட்டுமே, நான் என்ன கதவையா சாத்துனேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பேரை எப்படி மாற்றுவது என்று அவன் செல்லில் காட்டிக்கொண்டிருந்தபோது, பாதிப் பேச்சைக் காதில் வாங்கியபடியே சாமியப்பன் உள்ளே வந்தார்.

"என்ன தம்பி? எம்புள்ள உங்கூட்டு நெட்டத் திருடுதுன்னு சொல்ல வந்தியா? நாங்க காசு கட்டித்தான் வெச்சிருக்கறோம்! போ, போ... இனி இந்தப் பக்கம் வராதே!"

சகாயராஜ் அவளைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாளா...? நாக்கு எழவில்லை. அவன் இறங்கிப் போனான்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வைஃபை பெட்டியை வயரோடு இழுத்து வந்து முன்னறை சுவிட்சுப் பலகைக்கு மேலே மாட்டினாள். சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தால்... ஒரே ஒரு வேல்முருகன், முழு சிக்னலோடு! அதற்குக் கீழே புதிதாக ஒரு பெயர்.

'வண்டி எடுக்கல'.

ஜன்னல் வழியே பார்த்தாள். மழைச்சாரலில் பைக் மேலேயே உட்கார்ந்திருந்தான். சாவி கையில். வேலைக்குப் போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று!

அன்று புலிக்கு வால் மட்டுமல்ல, மீசையும் முளைத்தது. நெட் ஒரு நொடிகூடப் போகவில்லை. திங்கட்கிழமை மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! அப்பாடா... நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

அன்று மாலை எதிர்வீட்டுப் பெயர் மறுபடி மாறியிருந்தது.

'புடிச்சிருக்கா'.

அவன் காட்டித் தந்த வழியிலேயே போய், தன் வேல்முருகனை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குரல். "சித்ரா! என்ற செல்லுல நெட் போயிருச்சு. நம்ம வேல்முருகன் எங்க போனான்?" கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார். "'புடிச்சிருக்கா'... கீழ 'ஆமாங்க'... என்ன கருமம் இது? யாரூட்டுது?"

ஓடிவிடலாமா... இல்லை. ஒரு தடவை ஓடியது போதும்.

"'ஆமாங்க' நம்முளுதுங்கப்பா."

"அப்ப இன்னொண்ணு?"

"எதுத்தூட்டுதுங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு அவரப் புடிச்சிருக்குதுங்கப்பா."

வெளியே மழை வலுத்தது.

சாமியப்பன் அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசலுக்கு வந்தவர், வழக்கம்போல் கையை நீட்டி லைட்டை அணைத்தார். ஃபேனை அணைத்தார். விரல் வைஃபை சுவிட்சுக்கு வந்தது...

அங்கேயே நின்றது.

பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்க, கையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, ஒரு வார்த்தை பேசாமல் மழைக்குள் இறங்கி எதிர்வீட்டுப் பக்கம் போனார்.