கத்திக்கோ!

வீட்டில் எல்லோரும் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். பிறகு வெடிப்பாள். அன்று காலையிலிருந்தே மூக்கு சிவந்துதான் இருந்தது.

காரணம் சித்தப்பா. அத்தை தூரதேசத்தில் இருக்கிறார். அவருடைய பாப்பாவுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. "நம்ம குடும்பம் எப்படிப்பட்டதுன்னு பாப்பா பின்னால தெரிஞ்சுக்கணும். ஒரு வீடியோ எடுத்து அனுப்புவோம்" என்றார் சித்தப்பா. நல்ல யோசனைதான். அதைக் கெடுத்தவரும் அவரேதான்.

வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய தையல் கடை. அங்கே கிடந்த வெட்டுத் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி ஒளித்துவைத்தார். தாத்தாவின் கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவைக் கழற்றச் சொன்னார். போதாததற்கு ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தார்.

"எமது குடும்பம் ஒழுக்கத்திலும் உழைப்பிலும்..." தாத்தா திணறினார். "டேய், யாருடா இந்த 'எமது'? நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்லையே!"

அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. "முதல்லேர்ந்து படிங்கப்பா" என்றார்.

"மாமா, அந்தக் கத்திக்கோ கதையைச் சொல்லுங்களேன்" என்றார் அம்மா.

அது அத்தையின் கதை. சின்ன வயதில் அத்தைக்குக் கத்தரிக்கோல் என்று சொல்ல வராது. ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருந்தபோது, தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, கத்திக்கோ! கத்திக்கோ!" என்று கேட்டிருக்கிறார். மகள் ஆசைப்படுகிறாளே என்று தாத்தாவும் "ஆ...!" என்று கத்திவிட்டார். சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு கையை அளந்ததோடு ஓடியே போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பெயர் கத்திக்கோ. யார் கேட்டாலும், மற்றவர்கள் ஒரு "ஆ!" போட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணி. பார்க்கிறவங்க இதென்ன பைத்தியக்கார வீடான்னு கேட்பாங்க" என்றார் சித்தப்பா.

பட்டாசு வெடித்தாள். "பார்க்கப்போறது நம்ம பாப்பா! கத்திக்கோ அதோட அம்மா சொன்ன வார்த்தை. அதையே எடுத்துட்டா இது யார் வீட்டு வீடியோ? எமது வீட்டு வீடியோவா?"

"பெரியவங்க பேசும்போது குறுக்கே வராதே. போய் போன்கிட்ட நில்லு. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதே!"

என்ன அநியாயம் இது! பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றாள். தாத்தா மறுபடி ஒப்பித்தார். பாவம், வீட்டுப்பாடம் செய்யாமல் மாட்டிக்கொண்டவர் போல நின்றார். நாடா இல்லாத கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். பாப்பா வளர்ந்து, தாத்தா என்றால் இப்படித்தான் என்று நினைத்துவிட்டால்?

அடுத்து சித்தப்பா முன்னால் வந்து நின்றார். "வருங்காலத் தலைமுறைக்கு எமது அன்பான..." என்று கையை உயர்த்தினார்.

பட்டாசு அந்தக் கையைப் பார்த்தாள். மூக்கின் சிவப்பு மெல்லக் குறைந்தது.

"சித்தப்பா, சட்டைக் கையில நூல் தொங்குது."

என்ன இருந்தாலும் தையல்காரர் பிள்ளை. தொங்கும் நூலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பிடித்து இழுத்தார். அது நீண்டுகொண்டே வந்தது.

"ஐயையோ, பிரிஞ்சு வருதே! சீக்கிரம் அந்தக் கத்திக்கோவை எடுங்க!"

"ஆ...!"

தாத்தா, அப்பா, அம்மா, பட்டாசு, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தெருவில் சைக்கிளில் போனவர் சட்டென்று காலை ஊன்றி எட்டிப் பார்த்தார். தாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சித்தப்பா திருதிருவென்று விழித்தார். "போனை நிறுத்திட்டியா?"

"நீங்கதானே எதையும் தொடாதேன்னு சொன்னீங்க!"

எடுத்ததைப் போட்டுப் பார்த்தார் சித்தப்பா. தாத்தா கண்ணில் நீர் வரச் சிரிக்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு அந்தத் தாளைக் கசக்கி மூட்டைக்குள் போட்டார். அளவு நாடாவை எடுத்துத் தாத்தாவின் கழுத்தில் மாட்டினார்.

"அப்பா, அந்தக் கதையை நீங்களே சொல்லுங்க. உங்க இஷ்டப்படி."

மறுநாள் அத்தையிடமிருந்து பதில் வந்தது. அதுவும் வீடியோதான். அத்தை பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "கத்திக்கோ!" என்றார். பாப்பா தன் ரெண்டே ரெண்டு பல்லும் தெரிய, "ஆ!" என்றது.

பதிலுக்கு முதலில் கத்தியது சித்தப்பாதான்.