முதுகில் எடுத்த ரத்தம்

இடது பாதத்தின் மேல் கரப்பான் பூச்சி ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. அழகப்பன் அதைக் கண்ணால் பார்த்தானே தவிர, காலில் ஒன்றும் தெரியவில்லை. பிழைக்க வந்த அந்நிய நகரத்தில், டிஸ்ட்ரிக்ட் 1 என்ற பகுதியில் ஒரு இந்திய ஓட்டலில் பதினோரு வருஷம் தோசைக்கல் முன்னால் நின்ற கால் அது. பூச்சி விரலிடுக்கில் புகுந்து, செத்த தோலைச் சாவகாசமாகக் கொறித்தது. துண்டால் அதைத் தட்டிவிட்டான்.

கால் மரக்கத் தொடங்கியதும் டாக்டரிடம் போகாமல், அவர்கள் குடியிருந்த கான் ஹொய் பகுதியில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் முதுகைக் காட்டியதுதான் முதல் தப்பு. அவள் ஊசியால் குத்திவிட்டு, கண்ணாடிக் குவளையைச் சூடுகாட்டிக் குத்திய இடத்தின்மேல் கவிழ்ப்பாள். குவளைக்குள் ரத்தம் ஈரல் துண்டு மாதிரி உறைந்து நிற்கும். "கெட்ட ரத்தம். சாம்பல் போட்டுப் புதைத்துவிடு" என்பாள். ஒற்றை அறை வாடகை வீட்டில் புதைக்க மண்ணுக்கு எங்கே போவது? ஏழு தடவையும் குளியலறைச் சாக்கடைத் துளையில்தான் கொட்டினான். ஏழாம் தடவை கொட்டியது உள்ளே போகாமல், துளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. சீ என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளினான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் அவனுடைய தண்டுவடத்தை ஒட்டிக் கரும்புழுக்கள் நெளிந்து கிடந்தன. மனைவி ஜெயம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புழு இல்லை, உங்கள் ரத்தக்குழாய்கள்தான்" என்றார் டாக்டர், இங்கிலீஷில். "தமனி ஒன்று நேராகச் சிரையில் திறந்துகொண்டது. அந்த வேகம் தாங்காமல் சிரைகள் வீங்கி, தண்டுவடத்தில் ரத்தம் தேங்குகிறது. இப்படியே விட்டால் கால் போய்விடும்."

தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, மருந்து பாய்ச்சிப் படம் பிடித்து, அந்தத் திறப்பைத் தேடிப் பசையால் அடைத்தார்கள். பசையைக் கரைத்திருந்த திரவம் அவன் மூச்சிலும் வேர்வையிலும் அழுகிய பூண்டாக நாறியது.

"ரெண்டு நாள்ல போயிரும்னு சொன்னாகள்ல" என்று ஜெயம் மூக்கைச் சுளித்துக்கொண்டே கஞ்சி ஊட்டினாள். மூன்றாம் நாள் நாற்றம் போய்விட்டது. உணர்ச்சி முதலில் வரும், பலம் மெதுவாகத்தான் வரும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அழகப்பனுக்கு இருந்தது ஒரே ஆசை. காலில் ஒரு எறும்புக் கடியாவது உறைக்க வேண்டும்.

பத்தாம் நாள் பிற்பகல் மழையும் ஆற்றில் ஏறிய கடலோதமும் ஒன்றாக வந்து, சந்து முழுக்கத் தண்ணீர். ஜெயம் அவனைக் குளிப்பாட்டக் குளியலறை நாற்காலியில் உட்கார்த்தியிருந்தாள்.

"ஏங்க, வண்டி முங்கிரும்போல. மேட்டுல ஏத்திட்டு வந்துர்றேன். அசையாம இருங்க."

"அசையத்தான் முடியுதாக்கும்" என்றான்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அடியில், சாக்கடைத் துளை யாரோ எச்சிலை விழுங்குவதுபோலக் களக் களக் என்று சத்தம் போட, கறுத்த தண்ணீர் நுரையும் முடியுமாக மேலே ஏறி அவன் பாதங்களை மூடியது. பூண்டு நாற்றம் அடித்தது. கையை முகர்ந்து பார்த்தான். சோப்பு வாசனைதான். நாற்றம் கீழிருந்து வந்தது.

அப்போது இடது குதிகாலில் ஏதோ பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது. பட்டது தெரிந்தது! கால் மரத்துப்போன எட்டு மாதத்தில் முதல் தடவை.

"ஜெயம்! கால் தெரியுதுடீ!"

"ஆத்தீ! தெரியுதா? இந்தா வந்துட்டேன்!" வெளியே அவள் குரல் அழுதது, சிரித்தது.

அழகப்பன் குனிந்து பார்த்தான்.

விரல் தடிமன். ஈரல் நிறம். தலையில்லை. கணுக்காலைச் சுற்றியிருந்தது. காலை இழுத்தான். கால் வரவில்லை. துளையிலிருந்து இன்னொன்று வந்தது. பிறகு மற்றொன்று. கூப்பிட நினைத்தான். வாய்க்குள் வாந்திதான் வந்தது.

ஏழு.

ஒவ்வொன்றின் வழவழப்பும் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஏழும் அவன் நெஞ்சோடு சேர்ந்து துடித்தன. முதலில் வந்தது முழங்காலைத் தாண்டி ஏறி, தொடை இடுக்கில் குழாய் நுழைத்த, இன்னும் ஆறாத துளையின் மேல் நுனியை வைத்து, மெல்ல உள்ளே நுழையத் தொடங்கியது.