பூங்காவனத்தின் பச்சை

காலை ஆறே முக்காலுக்குப் பூங்காவனம் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து துப்பிக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு குப்பி, கூட வேலை செய்கிற பதினாலு பேருக்குப் பதினாலு குப்பி. பாதியிலேயே வாய் வறண்டுபோயிற்று.

"புளியங்காயை நினைச்சுக்கோக்கா," என்றாள் அஞ்சலாட்சி.

வீட்டில் கட்டின புருஷன் வாய்வைத்த டம்ளரைக்கூடத் தொடாத பெண்கள், இவள் எச்சிலுக்கு வரிசையில் நின்றார்கள்.

எல்லாம் தொழிற்சாலை வாசலில் நிற்கிற, எச்சிலைச் சோதிக்கிற உமிழ்மானியால் வந்த வினை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் குடியேறி, ரத்த அணுவுக்குள் சுருண்டு கிடக்கிற எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு ஜனங்கள் வைத்த பேர் உறங்கி. உடம்பு ஓய்ந்துபோனால் அது விழிக்கும், பெருகும், எச்சிலில் வந்து இறங்கும். எச்சிலில் அதை எண்ணினால் களைப்பையே எண்ணிவிடலாம் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்தான். எண்ணிக்கை கூடிச் சிவப்பு விளக்கு எரிந்தால் மூன்று நாள் கட்டாய ஓய்வு. கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் வருஷத்தில் மூன்று சிவப்பு வாங்கினவளுக்கு இந்த பேட்டரித் தொழிற்சாலையில் ஒப்பந்தம் புதுப்பிப்பதில்லை. தொழிற்சங்கம் போராடி ஒன்று வாங்கியிருந்தது: கருவி வைரஸைத்தான் படிக்கலாம், ஆளைப் படிக்கக் கூடாது. ஆகவே குப்பியை வைத்தவள் பேரில் கணக்கு ஏறும்; உள்ளே இருக்கிற எச்சில் யாருடையது என்று அதற்குத் தெரியாது.

பூங்காவனத்துக்கு இரண்டு வருஷமாகச் சிவப்பே கிடையாது. எப்போதும் பச்சை, எண்ணிக்கை சுத்தமான பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தால் அவர்கள் பிரிவுக்கு ஆரோக்கியப் பரிசு என்று ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ்கூடக் கொடுத்தார்கள். அவளுக்கோ நாலு படி ஏற முடியவில்லை. விடிந்தால் தலையணை வேர்வையில் நனைந்து கிடந்தது. மேற்பார்வையாளர் வேதநாயகத்திடம் "முடியல சார்" என்றால், "பச்சைதானேம்மா காட்டுது, உனக்கென்ன களைப்பு?" என்பார். வீட்டிலும் அதே பாட்டுதான். கேட்டுக் கேட்டுத் தான் ஒரு சோம்பேறி என்று அவளே நம்பிவிட்டாள்.

கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்த பிறகுதான், வார விடுப்பு நாளில் மருத்துவமனைக்குப் போனாள். சதைத்துண்டு எடுத்தார்கள். அடுத்த வாரம் டாக்டர் நஸ்ரீன் உட்காரச் சொன்னார்.

"நிணநீர்ப் புற்றுநோய்ம்மா. உறங்கி பண்ணின வேலை."

"அது தூங்கிக்கிட்டுதானே டாக்டர் இருக்கு?"

"அந்தத் தூக்கம்தான் ஆபத்து. நல்ல உடம்புல அது அப்பப்ப கொஞ்சம் கசியும். உங்க உடம்புல அதுக்கு வெளியே வர வேண்டிய அவசியமே இல்ல. உள்ள இருந்தபடியே, குடியிருக்கிற அணுவைச் சாக விடாம, பிரிஞ்சுகிட்டே இருக்க வைக்குது. அணு பெருகினா அதுவும் பெருகும். மருந்து குடுத்து எழுப்பித்தான் அடிக்கணும்."

பூங்காவனத்துக்குப் பயத்துக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. அப்படியென்றால் களைப்பு பொய்யில்லை.

"ஒண்ணுதான் புரியல," என்றார் டாக்டர். "இப்படிப் பூஜ்யமே வந்துகிட்டிருந்தா கருவியே உங்களை எங்ககிட்ட அனுப்பியிருக்கணும். பிரிவுல மத்தவங்களோட ஒப்பிட்டு, யாரு தனியாத் தெரியுறாங்களோ அவங்களை அனுப்பும். உங்க பிரிவுக் கணக்கை வரவழைச்சுப் பார்த்தேன், இருபது பேர்ல பதினஞ்சு பேருக்குப் பூஜ்யம். அதுதான் வழக்கம்னு எடுத்துக்கிச்சு. எப்படிம்மா?"

அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"அப்போ அந்தப் பதினாலு பேருக்கு என்னன்னு யாருக்குமே தெரியாது," என்றார் டாக்டர்.

மறுநாள் காலை அஞ்சலாட்சி வழக்கம்போலக் குப்பியை நீட்டினாள். பூங்காவனம் வாங்கவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் எல்லாருக்கும் சொன்னாள். "இனிமே என் எச்சில் ஆகாது. அவங்கவங்க துப்புங்கடி."

"உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே இந்த வருஷத்துல எனக்கு ரெண்டு சிவப்புக்கா," என்று கெஞ்சினாள் அஞ்சலாட்சி. கெஞ்சியும் பலனில்லாமல், துப்பிக் குப்பியை உமிழ்மானியில் வைத்தாள்.

சிவப்பு எரிந்தது. அவள் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூங்காவனம் விளக்கையே பார்த்தாள். இத்தனை நல்ல வெளிச்சத்தை அவள் கண்டதில்லை. "அழாதடி. உன்னுது கசியுது. நீ நல்லாத்தான் இருக்கே."

"வேலை போச்சேக்கா."

பூங்காவனம் அவளைக் கைதூக்கி எழுப்பிவிட்டு, மருத்துவமனைக் கடிதத்தை வேதநாயகத்திடம் கொடுத்தாள். அவர் இரண்டு தரம் படித்தார். முகம் வாடிப்போயிற்று.

"கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா சிவப்பு எரிஞ்சாத்தான் நான் லீவு போட முடியும். ஒரு தரம் துப்பிடு."

அவள் துப்பினாள். பச்சை எரிந்தது. கீழே திரையில் எழுத்து ஓடியது: நீங்கள் நலம். பணிக்குச் செல்லலாம்.